தரங்கம்பாடியில் குடியேறலாமா? கோட்டையைத் தவிர அந்த ஊரில் என்ன இருக்கிறது?

தென்னங்கீற்று

வணக்கம். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. சாப்பாடு முடிந்ததும், கடல் இங்கே பக்கம்தானே, ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று மாமா சொல்ல, வேனைத் தரங்கம்பாடிக்குத் திருப்பினோம். அன்றிலிருந்து அப்பா ஒரே பிடியாக நிற்கிறார், மிச்சக் காலத்தை அங்கேதான் கழிப்பாராம், பழைய வீடு ஒன்றை வாங்கிச் சரிசெய்துகொள்ளலாம் என்கிறார். சென்னையில் முப்பது வருடம் இருந்தவர். இணையத்தில் தேடினால் எல்லாம் டேனிஷ் கோட்டை, டேனிஷ் தேவாலயம், டேனிஷ் நுழைவாயில் என்றே வருகிறது. அங்கே மனிதர்கள் வசிக்கிறார்களா, எப்படி வசிக்கிறார்கள், எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பொறையார்க்காரன்

பக்கத்து ஊர்க்காரன் சொல்கிறேன். மனிதர்கள் வசிக்கிறார்கள், நிறைய வசிக்கிறார்கள், ஆனால் நீங்கள் பார்த்த அந்த நுழைவாயிலுக்கு உள்ளே ரொம்பக் குறைவு. உள்ளே போனால் கிங்ஸ் ஸ்ட்ரீட், இரண்டு பக்கமும் தேவாலயம், கன்னிமாடம், பள்ளிக்கூடம், ஹோட்டலாக மாற்றிய பங்களா, அப்புறம் கோட்டை, அப்புறம் கடல், அவ்வளவுதான். சாயங்காலம் ஆறரைக்கு மேல் அந்தத் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார்த்திகைத் தீபம் மாதிரி கூட்டம். காய்கறி, மருந்து, துணி, சினிமா பேச்சு எல்லாவற்றுக்கும் பொறையார்தான் வரவேண்டும். இரண்டும் ஒட்டிக்கிடக்கிற ஊர். பெரிய வைத்தியம் என்றால் காரைக்கால், இல்லாவிட்டால் மயிலாடுதுறை. அப்பாவுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் எதுவும் இருந்தால் இதை முதலில் யோசியுங்கள், அலைச் சத்தத்தை அப்புறம் யோசிக்கலாம்.

நூலகப்பூச்சி

டேனிஷ்காரர்கள் வந்துதான் ஊரே உண்டானது என்று கோட்டைப் பலகையைப் படித்தவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கடலோரம் இருக்கிற மாசிலாமணிநாதர் கோயில் 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. கல்வெட்டில் ஊர் ‘சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம்’. டென்மார்க் கொடி ஏறுவதற்கு முந்நூறு வருடம் முந்தைய கதை இது. அந்தக் கோயிலில் முன்பகுதியெல்லாம் கடலுக்குள் போய், மிச்சம் இருந்ததை வைத்துத்தான் பிற்பாடு திருப்பணி செய்தார்கள்.

டேனிஷ்காரர்கள் இங்கே வரவேண்டும் என்று கிளம்பி வந்தவர்களும் இல்லை. கண்டி அரசருக்குப் போர்த்துகீசியரை எதிர்க்க உதவி வேண்டும் என்று ஒருவர் கோபன்ஹேகனில் போய்ச் சொல்ல, 1618-இல் ஓவ் கெட்டே தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. 1620-இல் இலங்கைக்குப் போய்ச் சேர்ந்தால் கண்டியில் காரியம் ஆகவில்லை. அதற்குள், முன்னாலேயே அனுப்பியிருந்த கப்பலைக் காரைக்கால் பக்கம் போர்த்துகீசியர் மூழ்கடித்துவிட, அதில் தப்பிய ரோலண்ட் கிராப்பே என்ற டச்சுக்காரர் தஞ்சாவூரில் ரகுநாத நாயக்கர் அவைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். நாயக்கருக்கும் ஒரு கணக்கு இருந்தது: நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியர் கை ஓங்கிக்கொண்டிருந்த நேரம், எதிர்ப்பக்கம் இன்னொரு வெள்ளைக்காரன் இருந்தால் நல்லதுதானே. 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. கோட்டை கட்ட இடம், மிளகு வாங்க அனுமதி, பதிலுக்கு ஆண்டுக்கப்பம். டென்மார்க் அரசருக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்னும் கோபன்ஹேகனில் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்கு அப்புறம் வருகிறது. 1639-க்கு அப்புறம் முப்பது வருடம் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. அங்கே போர், கஜானா காலி. இங்கே கோட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தும் ஓடியும்போக, 1655 வாக்கில் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற ஒரே ஒரு டேனிஷ்காரர் மிச்சம். பெரிய அதிகாரி எல்லாம் இல்லை, சாதாரண ஆள். உள்ளூர் ஆட்களையும் கலப்பினப் போர்த்துகீசியரையும் வைத்துக்கொண்டு, வங்காளக் கப்பல்களை மடக்கி அந்த வருமானத்தில் சம்பளம் கொடுத்து, தஞ்சாவூர்ப் படை முற்றுகையிட்டபோதும் தாக்குப்பிடித்து, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பி, டென்மார்க்குக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார். 1669-இல்தான் அடுத்த கப்பல் வந்தது. டென்மார்க்கின் குடியேற்றம் என்று நாம் சொல்கிற இந்த ஊரில் பதினான்கு வருடம் டென்மார்க் என்பது ஒரே ஒரு மனிதர்! மற்ற எல்லோரும் யார் என்று யோசித்துப் பாருங்கள். வாசல் காத்தவன், சுவர் கட்டியவன், படகு ஓட்டியவன், கணக்கு எழுதியவன் எல்லாம் இந்த மண்ணின் ஆட்கள்தான். அவர்களில் ஒருவர் பெயரும் எந்தத் தெருவுக்கும் இல்லை.

உப்புமூட்டை

அருமை. அப்புறம் எதற்காக விற்றார்கள்?

நூலகப்பூச்சி

இங்கிலாந்தும் பிரான்சும் அடித்துக்கொண்டிருந்தவரை நடுநிலைக் கொடிக்கு நல்ல மவுசு. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்களே தாங்கள் இங்கே சுருட்டிய பணத்தை டேனிஷ் கப்பல் வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். இன்று நாம் வியந்து பார்க்கிற பங்களாக்கள் பலவும் அந்தச் செழிப்புக் காலத்து வரவு. ஊர் நுழைவாயிலில் 1792 என்று போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பிறகு டென்மார்க்கே நெப்போலியன் போரில் மாட்டிக்கொள்ள, 1808-இலிருந்து 1815 வரை ஊர் ஆங்கிலேயர் கையில். திரும்பக் கிடைத்தபோது வியாபாரம் செத்திருந்தது. 1845-இல் இதையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். கொஞ்ச காலம் தஞ்சாவூர் ஜில்லா கலெக்டர் இங்கே இருந்துதான் ஆண்டார், 1860-இல் அதுவும் போனது. நாகப்பட்டினத்திலிருந்து உள்ளே ரயில் பாதை போட்டதும் சரக்கெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ஒரு வகையில் அந்த வறுமைதான் கட்டடங்களைக் காப்பாற்றியது. பணம் புழங்கியிருந்தால் எல்லாவற்றையும் இடித்துக் கான்கிரீட் போட்டிருப்பார்கள்.

பழைய தண்டவாளம்

ரயில் என்றதும் வந்துவிட்டேன். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர் கேஜ் பாதை 1926-இல் திறந்தார்கள். சுமார் முப்பது கிலோமீட்டர். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாக வரும். நஷ்டம் என்று சொல்லி 1986-இல் மூடினார்கள். கல்லூரிக்குப் போகிறவர்கள், மீன் கூடைக்காரர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்த வண்டியில்தான். மறுபடி விடுங்கள் என்று அன்றிலிருந்து கோரிக்கை போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலிலும் அந்த ரயில் ஒரு தடவை வாக்குறுதியில் ஓடும்.

எருசலேம் மணி

நான் அங்கே இருக்கிற புதிய எருசலேம் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவள், அதனால் கொஞ்சம் பேசுகிறேன். அதைக் கட்டிய மதபோதகர் சீகன்பால்க் 1706 ஜூலை 9 அன்று கப்பலிலிருந்து இறங்கினார், அப்போது வயது இருபத்துநான்குகூட நிறையவில்லை, அடுத்த நாள்தான் பிறந்தநாள். ஜெர்மன்காரர், அனுப்பியது டென்மார்க் அரசர். உள்ளூர் டேனிஷ் தளபதிக்கு அவரைப் பிடிக்கவே இல்லை, இதே டேன்ஸ்பர்க் கோட்டையில் நான்கு மாதம் சிறையில் போட்டார். திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தவர் அவர். சேர்த்த ஓலைச்சுவடிகளுக்கு 1708-இல் ஒரு பட்டியலே தயாரித்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி எழுதி ஜெர்மனியில் ஹாலே நகருக்கு அனுப்பினால், உங்களை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்கிற தோரணையில் பதில் வந்ததாம். அந்தப் புத்தகம் 1867-இல்தான் சென்னையில் அச்சாகியது. அவர் 1719-இலேயே, முப்பத்தாறு வயதில், காலமாகிவிட்டார். முந்தின வருடம் தாம் கட்டிமுடித்த புதிய எருசலேம் தேவாலயத்துக்குள்தான் அடக்கம்.

தமிழின் முதல் அச்சகம் இங்கேதான் என்று சொல்லித் திரிகிற நம் சபை ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள், தயவுசெய்து நிறுத்துங்கள். தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் 1578-இலேயே அச்சாகிவிட்டது. ஆனால் நடுவில் நின்றுபோயிருந்த தமிழ் அச்சுவேலை இங்கே 1713-இல் மறுபடி தொடங்கி, அப்புறம் நிற்கவில்லை. புதிய ஏற்பாடு 1715-இல் முடிந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த அச்செழுத்து பெரிதாக இருந்ததால் காகிதம் போதவில்லை, அதனால் இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். காகிதமும் செய்துபார்த்தார்கள். பொறையாரில் கடுதாசிப்பட்டறை என்ற பேர் இன்னும் இருக்கிறதே.

வெயில்மழை

அக்கா, பெருமை சரி. அதே தேவாலயத்தில் சாதிக்கு ஒரு பக்கம் உட்காரவைத்ததையும் சொல்லுங்கள்.

எருசலேம் மணி

சொல்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது. கட்டடமே சிலுவை வடிவம், ஒவ்வொரு கைக்கும் ஒரு கூட்டம் என்று பிரித்து உட்காரவைத்தார்கள். 1733-இல் முதல் இந்தியப் போதகரைத் தேர்ந்தெடுக்கும்போது இராஜநாயக்கன் என்கிற உபதேசியார் தகுதியில் முன்னால் நின்றவர். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர் என்பதால், அவர் கையால் நற்கருணை வாங்க மற்றவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று சொல்லி, வேளாளரான ஆரோனுக்கு அந்த ஆண்டு டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் கொடுத்தார்கள். ஆரோன் நல்ல மனிதர், நிறைய உழைத்தவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆண்டுவிழாவில் ஆரோன் பேரைச் சொல்கிற நாம் இராஜநாயக்கன் பேரையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது என் கட்சி. சபைக் கூட்டத்தில் சொல்லி நாலு பேரிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

கரைவலை

எல்லாம் படித்தேன். நான் மீனவர் குடும்பம், எங்கள் ஊர் அந்த மதிலுக்கு வெளியே. இவ்வளவு நீளமான இழையில் எங்களைப் பற்றி இதுவரை ‘மீன் கூடைக்காரர்கள்’ என்று ஒரே ஒரு வார்த்தைதான் வந்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

தரங்கம்பாடி இந்தப் பக்கத்து மீனவ கிராமங்களுக்கெல்லாம் தலைமைக் கிராமம். சீர்காழியிலிருந்து இந்தக் கரை முழுக்க ஏதாவது தகராறு, தொழில் நிறுத்தம், வலைப் பிரச்சினை என்றால் கூட்டம் இங்கே கூடும், பஞ்சாயத்தார் பேசி முடிவெடுப்பார்கள். சுருக்குமடி என்கிற பெரிய வலை வேண்டும் என்று சில ஊர்கள், வேண்டாம் என்று நாங்கள், கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போனது. சுருக்குமடிக்காரன் மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளிவிட்டால், ஃபைபர் படகில் நாலு பேர் போய்ச் சின்ன வலை போடுகிறவனுக்கு மிச்சம் என்ன இருக்கும்? இதுதான் எங்கள் ஊரின் இன்றைய அரசியல். கோட்டைக்குள் இருக்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல் செத்தார்கள், அப்போது நாங்களும் அந்த மாவட்டம்தானே, மயிலாடுதுறை மாவட்டம் 2020-இல் பிரிந்தது. எங்கள் ஊரில் சாவு இல்லாத தெரு இல்லை. அதற்குமேல் அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

ஆனால் அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்லியாகவேண்டும். 2005 மார்ச்சில் அரசாணை 172 வந்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கிறவன் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தால் உள்ளே தள்ளிப் புது வீடு, வராவிட்டால் அங்கேயே இருந்துகொள், உதவி கிடையாது. யாரையும் பிடித்துத் தள்ளவில்லை என்று சொல்லலாம், ஆனால் எல்லாம் போன நேரத்தில் இப்படிக் கேட்டால் மனிதன் என்ன சொல்வான்? தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு எங்களுக்கு வீடு கட்டிக்கொடுத்தது, பென்னி குரியகோஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. நன்றாகவே கட்டினார்கள், நியாயமாகச் சொல்லவேண்டும். சமையலறை எங்கே வேண்டும், திண்ணை வேண்டுமா, மரத்தை வெட்டாமல் வீட்டைத் தள்ளிப் போடலாமா என்றெல்லாம் குடும்பம் குடும்பமாகக் கேட்டார்கள். வேறு ஊர்களில் தீப்பெட்டி அடுக்கியதுபோல் கட்டியதைப் பார்த்திருக்கிறேன், அதனால் அருமை தெரியும்.

இருந்தாலும் என்ன ஆனது பாருங்கள். கடலை விட்டுத் தள்ளிப் போங்கள், ஆபத்து என்று எங்களிடம் சொன்ன அதே சில வருடங்களில் கடலை ஒட்டின பங்களா ஹோட்டலாக ஆனது. கோட்டைக்கு முன்னால் பெரிய பெரிய கருங்கல்லாகக் கொட்டினார்கள், பூங்கா போட்டார்கள். கடலிலிருந்து வீடு தள்ளிப்போனால் எங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்பவர்களுக்கு: இன்ஜினைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும், வலையை எங்கே காயப்போடுவது, காற்று வாடையா கச்சானா என்று வாசலில் நின்றே பார்த்தவன் இப்போது போன் போட்டுக் கேட்கவேண்டும், கருவாடு காயவைக்கிற பெண்களுக்கு மணல் இல்லை. விற்பனைக்குப் போகிற அம்மாக்கள் ஏலக்கரைக்கு வர ஆட்டோவுக்குக் காசு கொடுக்கிறார்கள்.

தம்பி தென்னங்கீற்று, உங்கள் அப்பா வரட்டும், எனக்கு எந்த வருத்தமும் இல்லை. காசு இருக்கிறவன் கடலைப் பார்த்து வீடு வாங்குகிறான், கடலில் பிழைக்கிறவன் கடல் தெரியாத இடத்தில் இருக்கிறான், இதையும் தெரிந்துகொண்டு வரட்டும் என்றுதான் சொன்னேன்.

தென்னங்கீற்று

அண்ணா, இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, கடலை ஒட்டி வேண்டாம், உள்பக்கம் பார் என்றார். கோல்ட்ஸ்மித் தெரு என்று ஒன்று இருக்கிறதாமே, அங்கே எப்படி?

சுண்ணாம்புக்காரன்

பழைய கட்டட வேலையில் இருக்கிறேன், அந்தத் தெரு தெரியும். டேனிஷ் பங்களா வேறு, இந்தத் தெரு வேறு. இங்கே இருப்பவை நம் ஊர் வீடுகள், திண்ணை, மரத்தூண், நடுவில் முற்றம், நாட்டு ஓடு. சுனாமிக்கு அப்புறம், பழைய கட்டடங்களைக் காக்கிற இன்டாக் அமைப்பு டென்மார்க்கிலிருந்து வந்த உதவிப் பணத்தில் இங்கே வரிசையாகச் சில வீடுகளைச் சரிசெய்தது, உள்ளூர்க் கொத்தனார்களுக்குச் சுண்ணாம்பு வேலையும் பழக்கியது. கோட்டையைப் பாதுகாப்பதைவிட இதுதான் உருப்படியான வேலை என்பேன். கோட்டை ஒரு காலத்தில் சிறை, அப்புறம் 1978 வரை பயணியர் விடுதி, 1979-இலிருந்து தொல்லியல் துறை அருங்காட்சியகம், அதற்கு அரசு இருக்கிறது. சாதாரண வீட்டுக்கு யார் இருக்கிறார்கள்?

வாங்குவதற்கு முன் சில விஷயங்கள். சிமெண்ட் பக்கம் போகவே போகாதீர்கள். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். உப்பு ஈரம் சுவருக்குள் ஏறும், ஏறினது வெளியே வர வழி வேண்டும். மேலே சிமெண்ட் பூசி அடைத்துவிட்டால் உள்ளேயே உட்கார்ந்து செங்கல்லை மாவாக்கிவிடும், இரண்டு மழைக்காலம் போதும். அதேபோல் கான்கிரீட் தளம் போட்டால் கம்பி துருப்பிடித்து வெடிக்கும், சென்னையில் பத்துப் பதினைந்து வருடம் தாங்குவது இங்கே தாங்காது. மாடி இருந்தால் அது பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்: தேக்கு விட்டத்தின்மேல் சின்னச் செங்கல்லைக் குறுக்காக நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்தது. விட்டத்தின் நுனி சுவருக்குள் புகுகிற இடத்தைத் தட்டிப் பாருங்கள், செல் அரித்திருந்தால் அங்கேதான் அரித்திருக்கும்.

பத்திரம்தான் பெரிய தலைவலி. ஒரு வீட்டுக்கு ஏழெட்டுப் பங்காளி, இரண்டு பேர் சிங்கப்பூர், ஒருவர் எங்கே என்றே தெரியாது. மூல ஆவணம் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கடற்கரை ஒழுங்குமுறை விதி உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை வரும், பழைய ஊரில் பெரும்பகுதி அதற்குள்தான், அதனால் இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

உப்புமூட்டை

அந்தத் தெருக்களில் இப்போது யார் குடியிருக்கிறார்கள்?

பொறையார்க்காரன்

எல்லாரும்தான். இந்துக் குடும்பங்கள், முஸ்லிம் குடும்பங்கள், லுத்தரன், கத்தோலிக்கர், எல்லாம் ஒரு சத்தம் கேட்கிற தூரத்தில். பாங்கும் கேட்கும், கோயில் மணியும் கேட்கும். சண்டையே இல்லாத ஊர் என்று கதைவிட மாட்டேன், டேனிஷ்காரன் காலத்திலேயே வலங்கை இடங்கை என்கிற சாதிப் பிரிவுத் தகராறு வந்து கவர்னரைப் பாடாய்ப்படுத்தியிருக்கிறது. ஆனால் கடைசியில் ஒருவன் வீட்டுச் சாவுக்கு எல்லாரும் வருவார்கள். ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் காவி கட்டிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்கப் போவார்கள், அப்போது யார் வீட்டு வாசலில் தண்ணீர்ப் பானை இருக்கிறது என்று பார்த்தால் மதம் கண்டுபிடிக்க முடியாது.

படித்த பிள்ளைகள் எல்லாம் வெளியே போய்விட்டார்கள், அது உண்மை. தெருவுக்கு நாலு வீடு பூட்டு. இருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய. உங்கள் அப்பாவுக்குப் பேச்சுத்துணைக்குப் பஞ்சம் இருக்காது.

எருசலேம் மணி

தெரு நாய்த் தொல்லையையும் சொல்லிவிடுங்கள் அண்ணா.

பொறையார்க்காரன்

அதற்குத் தனி இழை வேண்டும் அம்மா.

தென்னங்கீற்று

எல்லோருக்கும் நன்றி. வாங்குவதை ஒத்திவைத்துவிட்டோம். முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்க்கலாம் என்று அம்மாவின் தீர்ப்பு. எந்த மாதத்தில் வந்து வீடு பார்ப்பது நல்லது?

கரைவலை

ஐப்பசி கடைசியிலோ கார்த்திகையிலோ வாங்க. தை மாதம் வந்தால் எல்லா வீடும் நன்றாகத்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழையில் எந்தச் சுவர் ஒழுகுகிறது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, மின்சாரம் எத்தனை மணி நேரம் போகிறது, கடல் கல்லைத் தாண்டி எதுவரை தெறிக்கிறது எல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடும். புயல் எச்சரிக்கை இல்லாத நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள். சென்னையிலிருந்து ரயிலில் மயிலாடுதுறை, அங்கிருந்து பொறையாருக்கு பஸ் வந்துகொண்டே இருக்கும். காலையில் ஏலக்கரைக்கு வந்தால் மீனும் வாங்கலாம், என்னையும் பார்க்கலாம், தனிச்செய்தியில் நம்பர் அனுப்புகிறேன்.